காற்றுக்கு எதிரே ஊதியவர்

என் அண்ணன் அல்லாபிச்சை மௌத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வருகிற வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். காக்கா ஓதி ஊதினால் பிள்ளைகளின் காய்ச்சல் இறங்கிவிடுமாம். அவர் மூச்சுக்கு அப்படி ஒரு குணமாம். வந்தவர்களிடம் மறுத்துப் பேச மனம் வருவதில்லை. ஆனால் அவர் ஆயுளின் பின்பாதியில், முப்பது வருஷத்துக்கு மேலாக, எந்தப் பிள்ளையின் முகத்திலும் அவர் ஊதியதில்லை. அது ஏன் என்று கண்ணால் கண்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

காக்காவின் பிழைப்பு சாக்கு. கோவில்பட்டி மார்க்கெட் சாலையின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. பருத்தி மண்டியிலும் வத்தல் மண்டியிலும் கழித்துப்போட்ட கிழிசல் சாக்குகளை வாங்கிவந்து உதறி, கோணி ஊசியால் ஒட்டுப் போட்டு விற்பார். வத்தல் சாக்கை உதறும் நாளில் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள்கூடத் தும்முவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சாக்குத் தூசிதான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெரும்பாலும் நாயக்கமார் வீட்டுப் பெண்கள், கோனார் வீட்டுப் பெண்கள், மில் லைன்களில் குடியிருப்பவர்கள். பிள்ளை வீரிட்டு அழுகிறது, பால் குடிக்கவில்லை, பயந்திருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் உதட்டுக்குள் ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். மூன்று நாள் தொடர்ந்து கொண்டுவர வேண்டும் என்பது பெண்களுக்குள்ளே ஒரு கணக்கு. மற்றவர்கள் நடந்துகொண்டே ஊதிவிட்டுப் போவார்கள். காக்கா மட்டும் நின்று, குனிந்து, பிள்ளையின் நெற்றி தன் மூக்கில் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய் நிதானமாக ஊதுவார். அதனால் மற்றவர்கள் எல்லோரும் ஊதிய பிறகும் பெண்கள் அவருக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

சீனாச் சண்டை ஓய்ந்த பிறகு வந்த தை மாதம் அது. கோனார் சமூகத்து வள்ளித்தாய் தன் ஒன்றரை வயது மகனைக் கொண்டுவந்தாள். இரவெல்லாம் சிணுங்குகிறான் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை. அவளும் புருஷன் கடற்கரையும் அறுப்பு முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள். எருவுக்காக ஒரு காட்டில் சில இரவுகள் ஆடுகளை அடைப்பார்கள், பிறகு அடுத்த காட்டுக்குப் போவார்கள். அப்போது கிடை இடைசெவல் பக்கம். காக்கா முதல் நாள் ஊதினார், இரண்டாம் நாளும் ஊதினார். மூன்றாம் நாள் விருதுநகரிலிருந்து சாக்கு லாரி வந்துவிட்டதால் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அன்று வேறு யாரோ ஊதியிருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்களில் அந்தப் பையனுக்குத் தீயாய்க் காய்ச்சல் கண்டது. வாந்தி வந்தது, கழுத்து பின்னால் வளைந்து விறைத்தது, உடம்பில் நாவல்பழம் நசுக்கியது போலப் புள்ளிகள் பரவின. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சத்தியபாமா சொன்னார். புள்ளிகளைப் பார்த்ததும் எந்த வகை மூளைக்காய்ச்சல் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது, தொண்டையிலிருந்து தொண்டைக்குத் தாவுகிற வகை. வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்க மருந்து எடுக்க அவர் உள்ளே போய்த் திரும்புவதற்குள் வள்ளித்தாயும் கடற்கரையும் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே டாக்டர் பள்ளிவாசலுக்கு வந்தார். கூடவே சுகாதார இன்ஸ்பெக்டர் பூவனநாதன். காக்கி அரைக்கால் சட்டை, கையில் ஒரு தகர டப்பா. தொழுகை முடியும்வரை இருவரும் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"பையன் கிடையை விட்டு வேற எங்கயும் போகலியாம். இங்க மட்டும்தான் வந்திருக்கான்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு," என்று டாக்டர் ஆரம்பித்தார். "உங்கள்ல யார் யார் பிள்ளைகள் மேல ஊதுவீங்க?"

"எல்லாருந்தான்," என்றார் முத்து முகம்மது. வெங்காய மண்டிக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்ப்பவர். "ஏம்மா, இனிமே ஊதுறதுக்கும் முனிசிபாலிட்டியில லைசென்ஸ் எடுக்கணுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தக் கிருமி நல்ல ஆரோக்கியமான ஆளின் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும், அவரை ஒன்றும் செய்யாது, பக்கத்தில் வருகிறவருக்குத் தாவும், தாவியதில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எங்கோ ஒரு பிள்ளை மட்டும் விழுந்துவிடும், விழுந்தால் ஒரே நாள் என்று பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப எங்க வாயில விஷம் இருக்குங்கீங்க."

"உங்க வாய், என் வாய், இந்த இன்ஸ்பெக்டர் வாய், யார் வாயிலயும் இருக்கலாம் பாய்."

"கிடைக்காரப் புள்ளைதான் அதை இங்க கொண்டாந்திருக்கும்."

"அப்படியும் இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்லலை."

அதுவரை தூணோரம் நின்ற காக்கா முன்னால் வந்தார். "அம்மா, எனக்கு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ல முடியுமா? நாந்தான் அந்தப் புள்ளைக்கு ரெண்டு நாளு கிட்டத்துல குனிஞ்சு ஊதினேன்."

டாக்டர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "தொண்டையில பஞ்சு விட்டு எடுத்து அனுப்பலாம். மதுரைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் கிருமி செத்துப்போயிரும். அப்புறம் இல்லைன்னு பதில் வந்தா அதை நம்ப முடியாது. எங்கிட்ட வேற வழி இல்லை. அதனாலதான் எல்லாரையும் மாத்திரை முழுங்கச் சொல்றேன்."

சல்ஃபா மாத்திரை. காலையும் மாலையும் இரண்டு நாள், நாலு வேளை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அது முடிந்து தான் சொல்கிறவரை யாரும் பிள்ளைகள்மேல் ஊதக் கூடாது என்றார் டாக்டர்.

"ஓதுறதையே நிறுத்துங்கீங்களா?" முத்து முகம்மதுவின் குரல் உயர்ந்தது.

"ஓதுங்க. மனசார ஓதுங்க. மூச்சு மட்டும் வேண்டாம்."

பிறகு காக்காதான் முதலில் கையை நீட்டினார். அவர் நீட்டியதும் மற்றவர்களும் நீட்டினார்கள். பூவனநாதன் டப்பாவைத் திறந்து எண்ணி எண்ணிப் போட்டார். கிளம்பும்போது டாக்டர் காக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் குடிசையில ஆறு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. செத்துப்போன பையனோட அக்கா. ஒரே பாய், ஒரே போர்வை. முதல்ல மாத்திரை போக வேண்டியது அவளுக்குத்தான். நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் போறார். காக்கிச் சட்டையைக் கண்டா அவங்க பேச மாட்டாங்க. நீங்க கூடப் போங்க."

காக்கா தலையாட்டினார்.

அன்று நடந்த தவறு எங்கள் தெருவில் மட்டுமே நடக்கக்கூடியது. பள்ளிவாசலில் எது கொடுத்தாலும் அங்கேயே வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மவ்லூது ஓதிக் கொடுக்கிற நேர்ச்சைச் சோறானாலும் சரி, ஒரு பேரீச்சம்பழமானாலும் சரி, துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இருக்கிறவர்களுக்கெல்லாம் பங்கு வைத்த பிறகுதான் தின்போம். பள்ளி வாசலில் கொடுத்த மாத்திரைக்கும் அதுவே நடந்தது. காக்காவின் மனைவி அமீனா பீவி அதை அம்மியில் வைத்து நுணுக்கி, தேன் குழைத்து வைத்திருந்தார்.

"இந்தாங்க தம்பி, பள்ளியில குடுத்தது. உங்க பங்கு."

"காக்கா தின்னாச்சா மச்சி?"

"அவிய கடைசியில ஒரு விரல் தொட்டு நக்கினாவ. அடுத்த வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்து விட்டேன். பாவம், அங்கயும் சின்னப் புள்ள இருக்குல்லா."

மறுநாள் விடிந்ததும் பூவனநாதன் சைக்கிளோடு கடைக்கு வந்து, "ராத்திரி வேளை முழுங்கியாச்சா?" என்று கேட்டார்.

"எல்லாரும் பங்கு வச்சுத் தின்னுட்டோம்," என்றார் காக்கா திருப்தியோடு.

பூவனநாதன் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட என்ன அண்ணாச்சி! இது கந்தூரிச் சோறா? முழு ஆளுக்கு முழு மாத்திரை. நக்கித் தின்னா கிருமி உம்மைப் பாத்துச் சிரிக்கும். தெரு பூரா இதே கதைதானா?"

"தெரு பூரா அப்படித்தான் இருக்கும்."

"போச்சு. திரும்பவும் மொதல்ல இருந்தா?" அவர் ஒரு சீட்டு எழுதி டாக்டருக்குக் கொடுத்தனுப்பினார். இனிமேல் ஒவ்வொருவரும் தன் கண் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்றார். டப்பாவிலிருந்து எடுத்த மாத்திரைகளைக் காக்கா அங்கேயே விழுங்கி, கடைப் பானையிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்.

"இப்பத்தான் உமக்கு முதல் வேளை. நாலு வேளையும் முடியட்டும். அதுவரைக்கும் அங்கன வந்து யாரு மூஞ்சியிலயும் ஊதிப்புடாதேயும்."

அந்த நாட்களில் இடைசெவல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. கிடை எந்தக் காட்டில் என்று விசாரித்துச் சொல்லக்கூடியவன் என்பதால் நானும் சேர்ந்துகொண்டேன். பருத்திக் காடுகளைத் தாண்டி, சோளத்தட்டை அறுத்த வெறுங்காடு ஒன்றில் ஆடுகள் நின்றன. வெடித்த கரிசலில் சைக்கிள் உருளவில்லை. ரோட்டோரம் சாத்திவிட்டு நடந்தோம். வாடைக்காற்று நேர் வடக்கிலிருந்து அடித்தது. மழை பெய்து பல நாளாகிவிட்டதால் கரிசல் தூசி தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது.

பனையோலைக் குடிசைக்கு வெளியே வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பெண், ராதாமணி. முகத்தைத் தாயின் சேலைக்குள் புதைத்திருந்தாள். வெளிச்சம் பட்டால் முனகினாள். பூவனநாதன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"கோழி கூப்பிடுற நேரத்துல இருந்து. தலை வலிக்குதுன்னு சொல்லுதா."

"தாடையை நெஞ்சுல தொடச் சொல்லு தாயி."

வள்ளித்தாய் அசையவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்புகிற வேலை இல்லை இது என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. தடுக்க வந்த இடத்தில் நோய் முந்திக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இந்த நிமிசமே," என்றார் பூவனநாதன்.

"நேத்து ஒண்ணக் கொண்டுபோனேன். பொணமாக் குடுத்தாவ. செத்த புள்ளைக்கு இல்லாத மருந்து இவளுக்கு மட்டும் எங்கன இருந்து முளைக்கும்?"

"அவன் கடைசி நேரத்துல வந்தான் தாயி. இது இப்பத்தான் ஆரம்பம். மருந்து கேக்கும்."

அப்போது கிடைக்குப் பின்னாலிருந்து கடற்கரை வந்தான். கையில் ஆடு விரட்டுகிற நீளக் கம்பு. காக்காவைப் பார்த்ததும் அவன் நடை மாறியது.

"எம் மவன் மூஞ்சியில ஊதின வாய் இதுதான? ஊருக்குள்ள எல்லாம் சொல்லுதானுவ. துலுக்கரு ஊதித்தான் புள்ள போச்சுன்னு. இன்னொண்ணையும் எடுத்துட்டுப் போக வந்தீரோ?"

"நீரு சும்மா கெடயும்," என்று வள்ளித்தாய் கத்தினாள். "அவரு ஊதினதால ஒண்ணும் போகலை. மூணாவது நாளு வராம இருந்தாரே, அதனாலதான் போச்சு." அவள் காக்காவை நேராகப் பார்த்தாள். "நான் அன்னைக்கு இருட்டுற வரைக்கும் வாசல்ல நின்னேன் அண்ணாச்சி. வேற ஆளு ஊதினாவ. நீரு வரலை. இப்ப இவளுக்கு ஊதும். ஊதிட்டு எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க. ஊதாம என் மடியில இருந்து புள்ள எந்திரிக்காது."

"ஊதுனா மண்டை பிளந்துரும்," என்றான் கடற்கரை. கம்பு அவன் தோளுக்கு ஏறியது.

காக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஊதியதால் பிள்ளை செத்தது என்றான் அப்பன், ஊதாததால் செத்தது என்றாள் தாய். இரண்டில் எது சரி என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லை என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். வயிற்றில் இருந்தது ஒரே ஒரு வேளை மாத்திரை.

ராதாமணி ஒருமுறை குமட்டினாள். வாந்தி வெறும் நீராக வந்தது. அவள் கழுத்து தாயின் கைமேல் மடங்காமல் கட்டை போலக் கிடந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம்," என்றார் பூவனநாதன் தாழ்ந்த குரலில்.

"எனக்குத் தெரியும்."

காக்கா நின்ற இடத்தை விட்டு நகர்ந்தார். வள்ளித்தாயைச் சுற்றிக்கொண்டு போய், அவளுக்குத் தெற்கே நாலைந்து எட்டுத் தள்ளி மண்டியிட்டார். வாடை அவளைக் கடந்து நேராக அவர் முகத்தில் மோதியது. சட்டை முதுகுப்புறம் உப்பி நின்றது. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஓத ஆரம்பித்தார். கடற்கரை இரண்டு எட்டு வைத்து அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். கம்பின் நிழல் காக்காவின் கழுத்தில் விழுந்தது. ஓதுவது அவர் அசைகிற தாடையில்தான் தெரிந்தது. அதை அவர் அவசரப்படுத்தவில்லை. முடித்தார். கன்னம் உப்ப மூச்சை இழுத்து, பிள்ளை இருந்த திசையைப் பார்த்து ஊதினார். காற்று அந்த மூச்சை அப்படியே மடக்கி, ஒரு கை கரிசல் தூசியோடு அவர் வாயிலேயே திருப்பிப் போட்டது. அவருக்கு இருமல் வந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போதும் அவர் பிள்ளையின் பக்கம் ஒரு அங்குலம் நகரவில்லை.

கம்பு அப்படியே நின்றது. கடற்கரை காக்காவையும் தன் பெண்ணையும் இடையில் இருந்த வெறும் தரையையும் பார்த்தான். அவன் என்ன நினைத்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வள்ளித்தாய் எழுந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து பூவனநாதனின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் முதல்ல இதை முழுங்குங்க," என்று பூவனநாதன் டப்பாவை என்னிடம் நீட்டினார். "நான் பாக்க முழுங்கணும். தண்ணி நெறையக் குடிக்கணும்."

"தண்ணியா?" கடற்கரை ஓரத்தில் இருந்த பானையைக் காட்டினான். "ஆட்டுக்குட்டிக்கே அளந்துதான் ஊத்துதோம்."

"குட்டிக்கு நான் வாளியில கொண்டாந்து ஊத்துதேன். நீரு குடியும்," என்றார் காக்கா. கடற்கரை குடித்தான்.

ரோட்டுக்கு ஓடினோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பஸ் கைகாட்டியும் நிற்காமல் போய்விட்டது. பூவனநாதன் நடுரோட்டில் நின்றுகொண்டார். அடுத்து வந்தது பருத்திப் பொதி ஏற்றிய லாரி. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சாவுறதுக்கு என் லாரிதான் கெடச்சுதா?" என்று கத்தினான். பிறகு பிள்ளையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். வள்ளித்தாயும் பூவனநாதனும் முன்னால் ஏறினார்கள். காக்காவை டிரைவர் கூப்பிட்டபோது, "அடைச்ச இடத்துல நான் வரலை," என்று சொல்லி, என்னோடு பொதிகளின் மேலே ஏறி உட்கார்ந்தார். வழி முழுக்க வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, கண் வறண்டு, லாரிக்கு முன்னால் நீண்ட ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி போட்டு எடுத்த நீர் அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. பென்சிலின் ஊசியும் சல்ஃபாவும் மாறி மாறி ஏறின. புள்ளிகள் காலில் மட்டும் தெரிந்தன, மேலே ஏறவில்லை. டாக்டர் சத்தியபாமா ஜன்னல்களையெல்லாம் திறந்துவைக்கச் சொன்னார், அழுகிற கூட்டத்தை வெளியே அனுப்பினார். தாயை மட்டும் வாயில் துணி கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். காக்கா வராந்தாவுக்குக்கூட வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, போகிற வருகிற ஆயாவிடம் கேட்டுக்கொள்வார்.

"முழிச்சாளா?"

"இல்லை பாய்."

அடுத்த ஆயா வந்தாலும் அதே கேள்வி. ஒரு ஆயா எரிச்சலோடு, "உம்ம பேத்தியா?" என்றாள். "இல்லம்மா," என்றார்.

ஊருக்குள் அன்று பூவனநாதன் வீடு வீடாக ஏறி இறங்கினார். முத்து முகம்மதுவே அவரோடு நடந்து, ஒவ்வொருவரையும் கைகால் கழுவுகிற ஹவுளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கவைத்து விழுங்கவைத்தார். "வாயைத் திறங்கப்பா. நாக்குக்குக் கீழ ஒளிக்காதீங்க. பொண்டாட்டிக்குப் பங்கு வேணும்னா அவளுக்குத் தனியா இருக்கு," என்ற அவர் சத்தம் தெரு முனைவரை கேட்டதாம். அந்தத் தையிலும் மாசியிலும் ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த நோய் வரவில்லை. மாத்திரையால் வரவில்லையா, வர இருந்ததே இல்லையா என்று கேட்டால் டாக்டரே கையை விரிப்பார்.

மூன்றாம் நாள் ராதாமணி கண் விழித்துக் கஞ்சி குடித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, வாசலில் ஒரு பஸ் பெரிய ஹாரன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. டாக்டர் அவள் பின்னால் போய் நின்று கையைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு மெதுவாக வள்ளித்தாயிடம் வந்து சொன்னார். உயிரை விட்டுவைத்த நோய் காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

நாலு வேளையும் முடித்துவிட்டீர்கள், இனி ஊதலாம் என்று டாக்டர் பள்ளியில் வந்து சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் பழையபடி ஊத ஆரம்பித்தார்கள். காக்கா ஊதவில்லை. தொழுதுவிட்டு வெளியே வருவார், துண்டு நுனியை வாயில் பொத்திக்கொள்வார். பெண்கள் விடாமல் பிள்ளையை நீட்டுவார்கள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இருந்தால் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துக் கழுத்து மடங்குகிறதா என்று பார்ப்பார், டாக்டர் அவருக்குக் காட்டிக்கொடுத்தது அவ்வளவுதான். சந்தேகம் வந்தால், "வா தாயி, நானும் வாரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நடப்பார். "அல்லாபிச்சை மாத்திரை தின்னு ஓதுறதை மறந்துட்டான்," என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். முத்து முகம்மது ஒருமுறை நேராகவே கேட்டார்.

"இன்னும் உன் தொண்டையில இருக்குன்னு நினைக்கியா?"

"இப்ப இல்லைன்னு தெரியும். அப்ப இருந்துச்சான்னுதான் தெரியலை."

அடுத்த தையில் கிடை மறுபடி அந்தப் பக்கம் வந்தது. வள்ளித்தாய் ராதாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள். எல்லோரும் போகிறவரை நின்றாள். காக்கா அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"வாம்மா. புள்ளைக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கா. நாய் மாதிரி ஓடுதா. ஆடு எங்கன போனாலும் கண்ணாலயே பிடிச்சுருதா." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஊதச் சொல்லிக் கேக்க வந்தேன்."

"காது வரும்னு நெனச்சா வந்த?"

"வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. சும்மாத்தான்."

காக்கா வாயைப் பொத்தியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு, "வள்ளித்தாயி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காட்டுல நான் உம் புள்ளைக்கு ஊதலை. காத்து எம் பக்கம் வாற எடமாப் பாத்துப் போய்த்தான் ஒக்காந்தேன். உன்னை ஏமாத்தினேன்," என்றார்.

வள்ளித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஆட்டுக்காரி அண்ணாச்சி. காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு எனக்கு நீரு சொல்லணுமாக்கும்? நீரு எந்திரிச்சுச் சுத்திப் போகும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா புள்ளையக் குடுத்த?"

"அதனாலதான குடுத்தேன். இன்ஸ்பெக்டரு சொன்னா அரசாங்கத்துக்காரன் பேச்சு. டாக்டரு சொன்னா படிச்சவ பேச்சு. கம்பைத் தோள்ல போட்டுட்டு ஒரு ஆம்பள நிக்கான், அந்தப் பக்கம் நான் ஊதுங்கேன். அதுக்கு நடுவுலயும் உம்ம மூச்சு எம் புள்ள மேல படக் கூடாதுன்னு மூஞ்சியில புழுதிய வாங்கிக்கிட்டு ஒக்காந்திருந்தீரு பாத்தீரா. அதைக் கண்டதும்தான், நெசமாவே என்னமோ இருக்கு, இவரே பயப்படுதாருன்னு நெனச்சேன். அந்தப் பயத்துலதான் தூக்கிக் குடுத்தேன்."

ராதாமணி இருவர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றதும், பள்ளிவாசலுக்கு வந்த பிள்ளைகள் செய்வது என்னவென்று அவளுக்கும் தெரியும் போல, கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை அவருக்கு நேராக உயர்த்தினாள்.

அவர் குனிந்தார். ஓதினார். முடித்துவிட்டு மூச்சை இழுத்தார். மூச்சு வெளியே வரவில்லை. நெஞ்சுக்குள் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவள் முகத்துக்கு நேராக மெதுவாக ஒரு வீசு வீசினார். நெற்றி முடி பறந்தது. அவள் கண்ணைத் திறந்து சத்தமாகச் சிரித்தாள், தன் சிரிப்பின் சத்தம் தனக்கே தெரியாத சிரிப்பு.

"இந்த மனுசன் திருந்த மாட்டாரு," என்று வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தாள்.